காதுக்குள்ள ஓடுற தறி

இப்படி வாங்க தம்பி, இந்தப் பக்கமா உக்காருங்க. அந்தப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்கும். வைத்தியர் இன்னும் பூசையை விட்டு எந்திரிக்கலை. எந்திரிச்சாலும் முதல்ல ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சுப்போட்டுத்தான் ஆளைப் பாப்பாரு. எனக்கு வந்து வந்து பழகிருச்சுங்க, இந்த பெஞ்சுல எந்த எடத்துல ஆணி இருக்குதுன்னு வரைக்கும் தெரியும்.

என்னதுங்க? லேட்டாகுமான்னா? ஆகுமுங்க, அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கறேன். ... ஓ, லேத்தா! லேத்துப் பட்டறை வெச்சிருக்கறீங்களா? அப்படி முகத்தைப் பாத்துச் சொல்லோணும் தம்பி. இப்பல்லாம் யாருமே வாயைத் தொறந்து பேசறதில்லை, கவனிச்சீங்களா? எல்லாம் உதட்டுக்குள்ளயே முணுமுணுத்துக்கறாங்க. டிவியில நியூஸ் வாசிக்கறவங்க கூட முந்தி மாதிரி இல்லை. என்ற சம்சாரம், ராஜாமணின்னு பேரு, அவளும் அப்படித்தான் ஆயிட்டா. அடுப்படியில நின்னுக்கிட்டு செவுத்தைப் பாத்துப் பேசினா எவனுக்குக் கேக்கும்?

உங்களுக்கு எந்தக் காதுங்க? ரெண்டுமா? எனக்கும் ரெண்டுந்தான். ஙொய்ன்னு இருக்குதா, இல்ல உஸ்ஸுன்னா? ஙொய்ன்னா நரம்பு, உஸ்ஸுன்னா வாயுன்னு வைத்தியர் சொல்லுவாரு. எனக்கு ரெண்டும் இல்லை. எனக்குத் தறி ஓடுதுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். பள்ளிபாளையத்துல பதினெட்டு வயசுல தறி ஓட்டப் போனவன். ஒரு குடோனுக்குள்ள அத்தனை தறியும் தடதடன்னு ஓடும், நூல் சுத்தின நாடாக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயி இடிச்சுக்கிட்டே இருக்கும். பட்டறையை விட்டு வெளிய வந்தாலும் அந்தச் சத்தம் கூடவே ஊட்டுக்கு வந்திரும். முன்னெல்லாம் சோறு தின்னு முடிக்கறதுக்குள்ள அடங்கிரும். அப்பறம் தூங்கி எந்திரிச்சா அடங்கும். இப்ப நான் தறி ஓட்டறதை நிறுத்திப்போட்டேன், அது நிறுத்தலை. அலுத்துப் போச்சுங்க. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் சும்மா இருந்தாப் போதும்னு இருக்குது.

மருந்தா? நான் பாக்காத மருந்து என்ன இருக்குதுங்க. பூண்டை நல்லெண்ணெயில போட்டுக் காய்ச்சி ஊத்தினேன். எருக்கிலையை அனல்ல வாட்டிப் புழிஞ்சு ஊத்தினேன், அது எரியற எரிச்சல்ல தறிச்சத்தம் ஒரு நாளு கேக்கவே இல்லை, அடடா சரியாப் போச்சுன்னு நெனச்சேன். எரிச்சல் நின்னதும் தறி திரும்ப ஓட ஆரம்பிச்சிருச்சு. நல்வேளைக் கீரைச் சாறு, துளசிச் சாறு, சுக்குத் தண்ணி, கருப்பு எள்ளு. ஒருத்தர் காதுக்குள்ள ஓமப் புகை புடிக்கச் சொன்னாரு. அதையும் புடிச்சேன். ராஜாமணி உள்ள வந்து பாத்துப்போட்டு, ஊடு தீப்புடிச்சுக்கிச்சுன்னு கத்தியிருக்கறா. அவ கத்தினது எனக்குத் தெரியாது. பக்கத்து ஊட்டுக்காரங்க கொடத்தோட வந்து நின்னப்பறந்தான் தெரிஞ்சுது.

அப்பறம் இந்தச் சத்து மாத்திரை. மகுடீஸ்வரன்னு ஒருத்தன், எனக்குப் பக்கத்துத் தறி ஓட்டினவன். இப்ப சட்டையை உள்ள உட்டுக்கிட்டு, பையி ஒண்ணு மாட்டிக்கிட்டு, ஆளுக்கு ஆளு சேத்து விடற கம்பெனியில இருக்கறான். "அர்த்தநாரி, இது சீன தேசத்து மரத்து இலைடா, மூளைக்கு ரத்தம் குபுகுபுன்னு போகும், காதுல இருக்கற எரைச்சல் போற எடந்தெரியாது"ன்னான். கூடவே துத்தநாகச் சத்து ஒரு டப்பா, இன்னொரு சத்து ஒரு டப்பா. அவனுக்கும் காது மந்தந்தாங்க. அவனும் அதைத்தான் சாப்பிடறான். நல்ல குணம் தெரியுதுங்கறான். கொஞ்சம் சத்தமாக் கேக்கோணும், அப்பத்தான் பதில் சொல்லுவான்.

என்ற பொண்ணுதான் அந்த டப்பாவைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் படிச்சுப்போட்டு, தலையில அடிச்சுக்கிட்டா. மோகனப்பிரியான்னு பேருங்க. ஒத்தைப் புள்ள. பார்மசி படிச்சவ, ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற எடத்துல வேலையில இருந்தா. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறுவா பாருங்க, நான் பட்டறை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது. எங்க வம்சத்துல நூலும் பாவும் இல்லாம ஒரு பொழப்பு பாத்தது அவ ஒருத்திதான்.

அவ என் முன்னால சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னா. "அப்பா, காதுக்குள்ள மெல்லிசா முடி மாதிரி இருக்கும்ப்பா. அந்த முடிதான் சத்தத்தை வாங்கி உள்ள அனுப்பும். தறிச்சத்தத்துல அது செத்துப் போச்சு. செத்தது மறுபடி மொளைக்காது. இந்த மாத்திரையெல்லாம் தின்னு ஒண்ணும் ஆகப்போறதில்லை. காதைச் சோதிச்சுப் பாத்து ஒரு மெஷின் வெச்சுக்கலாம், எரைச்சலுக்கும் அது கொஞ்சம் தேவலையா இருக்கும், நான் கூட்டிட்டுப் போறேன்"னா.

மொளைக்காதுன்னு அவ எப்படிச் சொல்லலாம்? அவ முடின்னு சொன்னதைத்தான் நான் புடிச்சுக்கிட்டேன். முடிதானே பிரச்சினை? நேரா நாட்டு மருந்துக் கடைக்குப் போயி கரிசலாங்கண்ணித் தைலம் வாங்கியாந்து காதுல விட ஆரம்பிச்சேன். வழுக்கையிலயே மொளைக்குதுன்னு போட்டிருக்கறான், காதுல மொளைக்காதா? மோகனா பாத்துப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பறம் அழுதா. "உங்களைத் திருத்தவே முடியாதுப்பா"ன்னா. அவ சிரிச்சு நான் பாத்தது அந்த வருசம் அதுதான் கடைசின்னு நெனைக்கறேன்.

மெஷின் வெச்சுக்கறதுல எனக்கொண்ணும் இல்லைங்க. ராஜாமணிதான் ஒரே புடியா நின்னா. "புள்ளைக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கற நேரத்துல காதுல மெஷினை மாட்டிக்கிட்டுத் திரியப் போறீங்களா? அப்பன் செவிடு, நாளைக்கு இவளுக்குப் பொறக்கறதும் செவிடாத்தான் பொறக்கும்னு ஒரு வாயி கெளப்பி விட்டாப் போதும், எவன் வருவான்?"னா. அவ சொல்றதும் நாயந்தானே. தறி ஓட்டிக் கெட்ட காதுன்னு யாரு விசாரிக்கப் போறாங்க? எண்ணெய்ன்னா வெளிய தெரியாது. மாத்திரைன்னா வெளிய தெரியாது. சத்தமில்லாம வைத்தியம் பாத்துக்கலாம்னு நானும் இருந்துக்கிட்டேன். மோகனாகிட்ட மட்டும், சரியாயிருச்சு கண்ணு, தைலம் புடிச்சுக்கிச்சு, இப்ப எல்லாம் கேக்குதுன்னு சொல்லிப்போட்டேன். இல்லாட்டி அவ விட மாட்டா, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு இழுத்துக்கிட்டே இருப்பா. பாவம், அவளுக்கு வேற வேலை இல்லையா?

எடம் வந்துச்சுங்க. சங்ககிரி. லாரி வெச்சிருக்கறாங்க, நல்ல குடும்பம், குத்தம் சொல்ல முடியாது. மாப்பிள்ளை தங்கமான பையன். அவங்கப்பா குழந்தைவேலு, அவருதான் எல்லாத்துக்கும் முடிவு சொல்றவரு. எங்க பக்கம் உப்புச் சக்கரை மாத்திக்கறதுன்னு ஒண்ணு இருக்குதுங்க. நிச்சயம் பண்றது. ரெண்டு ஊட்டுக்காரங்களும் உப்பும் சக்கரையும் மாத்திக்கிட்டாங்கன்னா முடிஞ்சுது. அந்த எடத்துல குடுத்த வாக்கு மாறக் கூடாது, மாறினா நாலு பேரு முகத்துல முழிக்க முடியாது.

அன்னைக்குக் காத்தால மோகனா என்கிட்ட வந்தா. தலைக்குக் குளிச்சு ஈரத் தலையோட வந்தா. "அப்பா, அவங்க நல்லவங்கதான். ஆனா கல்யாணத்துக்கப்பறம் வேலைக்குப் போறதைப் பத்திப் பேச்சு வந்தா நீங்க ஒத்துக்காதீங்க. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் சபையில வாயைத் தொறக்க முடியாது. நீங்கதான் சொல்லோணும்"னா. நான் அவ தலையைத் தொட்டு, "நான் பாத்துக்கறேன் அம்முணி, அந்தப் பேச்சே எடுக்க விட மாட்டேன்"னேன். அந்த வார்த்தையை நான் மனசாரத்தாங்க சொன்னேன். அதுல ஒரு பொய்யும் இல்லை.

சபையில உக்காந்தாச்சு. நாப்பது அம்பது பேரு. எல்லாரும் ஒரே சமயத்துல பேசறாங்க, புள்ளைங்க கத்துது, வெளிய பந்தியில எலை போடறாங்க, அது போக எனக்குன்னு உள்ள தறி வேற ஓடுது. அந்தக் குழந்தைவேலு இருக்கறாரே, அவருக்கு மீசைங்க. சாதாரண மீசை இல்லை, மேல் உதடு இருக்குதா இல்லையான்னே தெரியாது, அப்படி எறங்கி வந்து மூடியிருக்கும். வாயில வெத்தலை வேற. ஒரு மனுசன் பேசறான்னா வாயி தெரிய வேண்டாமா? வாயைப் பாத்தாத்தானே என்ன பேசறாருன்னு புரியும்? எல்லாருக்கும் அப்படித்தானே? அவரு என் பக்கம் சாஞ்சு, மீசைக்குள்ளயே என்னமோ சொன்னாரு. சொல்லிப்போட்டு என் முகத்தைப் பாக்கறாரு. சபை பூராவும் என்னைப் பாக்குது.

தம்பி, உங்களுக்குத் தறிப் பட்டறை தெரியாது. உள்ள பேச்சுன்னு ஒண்ணு கிடையாது. பாவு நூலு அந்து போச்சுன்னா விரலைப் பிரிச்சுக் காட்டோணும். டீ வந்துச்சுன்னா கட்டை விரலு. மொதலாளி வந்து எதாச்சும் சொன்னாருன்னா தலையை ஆட்டோணும். என்ன சொன்னாருன்னு நமக்கும் தெரியாது, பக்கத்துத் தறிக்காரனுக்கும் தெரியாது. அவரு போன பின்னால ஆளுக்கொரு சைகை காட்டி, இன்னதுன்னு கண்டுபுடிச்சுக்குவோம். என்னங்க என்னங்கன்னு ரெண்டு தடவை கேட்டா மொதலாளிக்குக் கோவம் வந்திரும். அதனால முதல்ல ஆட்டிப்போடறது. அது ஒடம்புலயே ஊறிப்போன பழக்கங்க.

ஆட்டினேன். சிரிச்ச முகமாவே ஆட்டினேன். "அதுக்கென்னங்க சம்பந்தி, உங்க விருப்பம்"னு வேற சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நல்ல விசயமாத்தான் இருக்கும்னு நானும் சிரிச்சேன். உப்பும் சக்கரையும் மாத்தினோம்.

பந்தியெல்லாம் முடிஞ்சு அவங்க வண்டியேறிப் போன பின்னால ராஜாமணி என் முன்னால வந்து நின்னா. "என்ன மகராசா, புள்ளை வேலையை விட்டுரோணும், ஊட்டுப் பொம்பளைங்க வெளிய போறது எங்க வழக்கமில்லைன்னு அவரு கேக்கறாரு, உங்க விருப்பம்னு சொல்லிப்போட்டீங்களே. காத்தால அவளுக்கு என்ன சொன்னீங்க?"ன்னா. மோகனா எங்கன்னு பாத்தேன். உள்ள உக்காந்து தலையில வெச்ச பூவை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டு இருந்தா.

எல்லாம் அந்த மீசைங்க. மனுசன் கொஞ்சம் கத்திரிச்சு விட்டிருந்தாருன்னா இந்த வெனையே இல்லை.

போயிச் சொல்லியிருக்கலாமே, எனக்குக் கேக்கலை, தெரியாமத் தலையாட்டிப்போட்டேன்னுதானே கேக்கறீங்க? நீங்க வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே தெரியுது. எப்படிங்க சொல்றது? ராஜாமணி சொன்னா, "சொன்னா வேலை மட்டும் நிக்காது, கல்யாணமே நின்னு போகும். உப்புச் சக்கரையில ஒக்காந்த ஆளு செவிடுன்னு சங்ககிரி பூராச் சிரிக்கும்." அதுவும் நெசந்தானே. அதனால நான் ஒரு முடிவு பண்ணினேன். கல்யாணத்துக்கு நாளு இருக்குது. அதுக்குள்ள காதைச் சரி பண்ணிக்கறது. காது தெளிஞ்சதும் நேரா சங்ககிரிக்குப் போயி, குழந்தைவேலு எதுக்க உக்காந்து, ஆம்பளைக்கு ஆம்பளை பேசிப்போடறது. காதில்லாமப் போயி உக்காந்தா மறுபடியும் எதுக்காச்சும் தலையாட்டிப்போட்டு வந்திருவேன். அது எனக்கே தெரியும்.

அப்பத்தாங்க இந்த வைத்தியர்கிட்ட வந்தது. கல்லையும் கேக்க வெச்சிருவாருன்னு மகுடீஸ்வரன் சொன்னான். சூரணம் குடுத்தாரு, தேன்ல கொழைச்சுத் திங்க. ஒரு மண்டலம்னாரு. புளி ஆகாது, மோர் ஆகாது, பகல் தூக்கம் ஆகாது. அப்படியே இருந்தேனுங்க. ஒரு நாளு கூடத் தப்பலை. மோகனா என்கிட்டக் கோவம் காட்டலை. ஆஸ்பத்திரியில வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துப்போட்டு வந்தா. அந்த வெள்ளைக் கோட்டைத் தொவைச்சு, தேச்சு, மடிச்சு பீரோவுல வெச்சா. நான் பாத்துக்கிட்டே சூரணத்தைக் கொழைச்சேன். கொஞ்சம் பொறு கண்ணு, அப்பன் வந்துக்கிட்டே இருக்கறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். வாயால சொல்ல முடியுமா? சொன்னா காது கெட்டதைச் சொல்லோணும்.

மண்டலம் முடியறப்ப வைத்தியர் கேட்டாரு, எப்படி இருக்குதுன்னு. முக்கால்வாசி கொறைஞ்சிருச்சுங்கன்னேன். கொறைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு. அப்ப இன்னொரு மண்டலம் எடுத்தா முழுசாப் போயிரும்னாரு. அதுக்குள்ள கல்யாணம் வந்திருச்சுங்க. நம்ம காதுக்காக முகூர்த்தத்தைத் தள்ளி வெப்பாங்களா?

இப்ப மோகனா என்கிட்ட பேசறதில்லைங்க. வருசம் ஒண்ணு ஆகப் போவுது. பண்டிகைக்கு வர்றா, அம்மாகிட்டப் பேசறா, எனக்குச் சோறு போடறா, பேசறதில்லை. போன் போட்டா மாப்பிள்ளைகிட்டக் குடுத்தர்றா. அதுதாங்க எனக்கு ஆறலை. தலையாட்டினது தப்புத்தான், இல்லைங்கலை, ஆனா அதுக்காக இல்லை அவ பேசாம இருக்கறது. அதுக்கப்பறமும் அவ பேசினாளே! தாலி கட்டி முடிஞ்சு, அவங்க ஊட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னால அவளா வந்து பேசினாளே. நல்லாத்தான் பேசினா. அப்பறம் என்ன வந்துச்சு அவளுக்கு? அதுதான் எனக்குத் தெரியலை. நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

மண்டபத்துல மணப்பொண்ணு ரூம்பு. எல்லாரையும் வெளிய போகச் சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினா. ஜன்னலையும் சாத்தினா. நேரா என் முன்னால வந்து, என் ரெண்டு கன்னத்தையும் புடிச்சு அவ முகத்துக்கு நேராத் திருப்பிக்கிட்டா. ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா, வாயைத் தொறந்து பேசினா. இப்ப நீங்க பேசறது பாதி விட்டுப் போகுது, அன்னைக்கு அவ பேசினதுல ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சுது எனக்கு.

"அப்பா. உப்புச் சக்கரை அன்னைக்கு அவரு பேசினது உங்களுக்குக் கேக்கலைதானே? எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கேக்கலைன்னு சொல்லிப்போடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வேலை போனாப் போகுது. கேக்கலைன்னு மட்டும் சொல்லுங்க"ன்னா.

கண்ணு நெறையத் தண்ணி நிக்குது. எனக்குப் பொறுக்கலைங்க. பாருங்க, தாலி ஏறின அன்னைக்குக் கூட என்ற காதைப் பத்தித்தான் அவளுக்குக் கவலை. புகுந்த ஊட்டுக்குப் போற புள்ள, அப்பன் செவிடாயிட்டானேன்னு அழுதுக்கிட்டாப் போகோணும்? அந்தக் கவலை வேண்டாம் அவளுக்குன்னு நெனச்சேன். நல்லாச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். "சேச்சே, நல்லாக் கேட்டுச்சு கண்ணு. காதெல்லாம் அப்பவே சரியாப் போச்சே, உனக்குச் சொன்னேனே. அவரு சொன்னது ஒண்ணு விடாமக் கேட்டுத்தான் சரின்னேன். அப்பனைப் பத்தி நீ ஒண்ணும் கவலைப்படாம நிம்மதியாப் போயிட்டு வா"ன்னேன்.

கையை எடுத்துக்கிட்டா. சந்தோசப்படுவான்னு நெனச்சேன். அப்பறம் திரும்பிக்கிட்டா. கதவுத் தாப்பாள்ல கையை வெச்சுக்கிட்டு, முதுகு என் பக்கமா, ரொம்ப நேரம் நின்னா. என்னமோ சொன்னாளுங்க. சொன்னாளா, சும்மாதான் நின்னாளான்னு கூட எனக்குத் தெரியலை. நான் பின்னால நின்னுக்கிட்டுத் தலையை ஆட்டினேன்.